உங்களுக்குத் தெரியுமா? எஸ்யூவி ஸ்டியரிங்: டயர் முதல் கைப்பிடி வரை

எஸ்யூவி வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார் இது: "ஸ்டியரிங்கை ஒடிச்சா வண்டி கொஞ்சம் யோசிச்சுத்தான் திரும்புது." சின்னக் காரிலிருந்து மாறியவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள். சொன்ன கையோடு ஸ்டியரிங் பாக்ஸைத்தான் சந்தேகப்படுவார்கள். அங்கே தொடங்க வேண்டாம். சாலையைத் தொடுகிற டயரில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு மேலே கைப்பிடி வரை வாருங்கள். பெரும்பாலும் பாதி வழியிலேயே காரணம் அகப்பட்டுவிடும். செலவும் அந்த வரிசையில்தான் ஏறுகிறது. கீழே இருப்பவை மலிவு, மேலே போகப் போக விலை கூடும்.

டயர் உருண்டால்தான் திரும்பும்

முன்சக்கரம் திரும்பிய கணமே வண்டி திரும்பிவிடுவதில்லை. தரையைப் பிடித்திருக்கும் ரப்பர் முதலில் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த முறுக்கம்தான் வண்டியின் மூக்கைத் தள்ளுகிற விசையாகிறது. அந்த விசையின் பெரும்பங்கு சேர்வதற்கே டயர் ஏறக்குறைய அரை மீட்டர் உருண்டாக வேண்டும். டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தாலோ உள்ளே காற்று குறைவாக இருந்தாலோ இந்தத் தூரம் இன்னும் நீளும். எஸ்யூவி "யோசிப்பது" முதலில் இங்கேதான்.

காற்று: கதவுத்தூணில் இருக்கிறது பதில்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ கதவின் விளிம்பிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பெரும்பாலான எஸ்யூவிகளில் அதில் இரண்டு அளவுகள் இருக்கும்: சில பேர் மட்டும் போகும்போது ஒன்று, வண்டி நிறைய ஆளும் சாமானும் ஏறும்போது இன்னொன்று. முழு பாரத்துக்கான வரிசையில் பின் டயருக்குக் கூடுதலாகப் போட்டிருக்கும். பங்கில் காற்று பிடிப்பவரிடம் எல்லாருக்கும் சொல்கிற ஒரே எண்ணைச் சொல்லிவிட்டுப் போவது எஸ்யூவிக்குப் பொருந்தாது. ஒரு ஆள் ஓட்டும்போதும் ஏழு பேர் ஏறும்போதும் அது வேறு வேறு வண்டி.

அளக்கிற நேரமும் முக்கியம். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் மாறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ மாறும். சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் ஓட்டி வந்து, சூட்டோடு அளந்து, "காத்து ஜாஸ்தியா இருக்கு" என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் நான்கு டயரும் அளவுக்குக் கீழே நிற்கும். அன்றிலிருந்து ஸ்டியரிங் மந்தமாகும். ஓட்டுபவரோ வண்டியைக் குறை சொல்வார்.

முன் டயரில் மட்டும் ஸ்டிக்கர் சொல்வதைவிட 2 பிஎஸ்ஐ கூட வைத்தால் திருப்பம் சுறுசுறுப்பாகும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதவரை இதில் தவறில்லை. ஆனால் அதே விளைவுக்காகப் பின் டயரில் காற்றைக் குறைப்பது ஆபத்து. மூக்கு வேகமாகத் திரும்பும், வால் பிடியை விடும். உயரமான வண்டியில் அந்தச் சேர்க்கை கூடவே கூடாது.

26-க்கும் 30-க்கும் இடையே

காற்றழுத்தத்தில் நான்கு எண் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்கா 2000-ஆம் ஆண்டு கற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவிக்கு ஃபோர்டு பரிந்துரைத்திருந்த அளவு 26 பிஎஸ்ஐ. டயர் செய்த ஃபயர்ஸ்டோன் சொன்னது 30. ஓடும்போதே டயரின் மேல்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். அந்த ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் ஏறக்குறைய 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. டயரில் குறை, காற்றளவில் குறை, வண்டியின் அமைப்பில் குறை என்று இரு நிறுவனங்களும் மாறி மாறிக் குற்றம் சாட்டின. அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாக வந்த சட்டத்தால்தான் டயர் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு அமெரிக்க வண்டிகளில் கட்டாயமானது. இன்று நம் ஊர் எஸ்யூவிகளின் டேஷ்போர்டிலும் அந்த விளக்கைப் பார்க்கிறோம். ஆனால் காற்று கணிசமாகக் குறைந்த பிறகுதான் அது எரியும். அதற்கு வெகுமுன்பே ஸ்டியரிங் மந்தமாகியிருக்கும்.

கரடுமுரடு டயரின் விலை

சேற்றுக்கும் கல்லுக்கும் ஆன மட் டெரெய்ன் டயரைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ரப்பர் கட்டைகள் உயரமாக, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு நிற்கும். அழிப்பானை மேசையில் அழுத்திப் பக்கவாட்டில் தள்ளினால் அது எப்படி வளையுமோ, அப்படி ஒவ்வொரு கட்டையும் தார்ச்சாலையில் வளைந்த பிறகே வண்டியைத் திருப்பத் தொடங்கும். சேற்றில் இதே டயர்தான் காப்பாற்றும். ஆனால் வேலை முழுக்க நகரத்திலும் நான்குவழிச் சாலையிலும் என்றால், தோற்றத்துக்காக இதை மாட்டுவதைப்போல் ஸ்டியரிங்கைக் கெடுப்பது வேறில்லை. நெடுஞ்சாலை டயருக்கு மாறுவது பல தார், ஜிம்னி எஸ்யூவிகளுக்கு வேறு எந்த மாற்றத்தையும்விட அதிகம் செய்யும்.

பெரிய சக்கரம், அகலமான சக்கரம்

ரிம்மை ஒரு அங்குலம் கூட்டி, டயரின் பக்கச்சுவரை அதே அளவு குறைத்து, மொத்த உயரம் மாறாமல் பார்த்துக்கொண்டால் ஸ்டியரிங் கூர்மையாகும். ரப்பர் வளைய இடம் குறைகிறது அல்லவா. கூடவே பள்ளங்களில் ரிம் அடிபடும் வாய்ப்பும் கூடும். ஆனால் கடைகளில் நடப்பது பெரும்பாலும் வேறு: டயர் உயரமும் கூடும், எடையும் கூடும், சக்கரம் ஃபெண்டருக்கு வெளியே துருத்திக்கொண்டும் நிற்கும். சக்கரம் வெளியே நகர நகர, ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். ஸ்பேசர் போட்டு அகலப்படுத்துவதிலும் இதே கதைதான். வீல் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

அலைன்மென்ட் சீட்டை வாங்கிப் பாருங்கள்

அலைன்மென்ட் முடிந்ததும் கணினி அச்சிடும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் டோ, கேம்பர், கேஸ்டர் என்று மூன்று இருக்கும். நாம் "அலைன்மென்ட் பண்ணியாச்சு" என்று சொல்லும்போது பெரும்பாலும் நடந்திருப்பது டோ மட்டும்தான். இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றையொன்று எவ்வளவு பார்க்கின்றன என்பதே டோ. அது கெட்டால் டயர் தேயும், நேர்ச்சாலையில் வண்டி அலையும்.

கைக்குத் தெரிகிற உணர்வில் பெரும்பங்கு கேஸ்டருடையது. முன்சக்கரம் திரும்புகிற அச்சு, மேல்முனை பின்பக்கம் சாய்ந்தபடி இருக்கும். அந்தச் சாய்வால்தான் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராகிறது, வேகத்தில் நடுவில் உறுதியாக நிற்கிறது. சாய்வு குறைந்தால் ஸ்டியரிங் லேசாகும். அதோடு வண்டி மிதக்கத் தொடங்கும். இடமும் வலமும் வேறுபட்டால் ஒரு பக்கம் இழுக்கும். சீட்டில் இடது, வலது கேஸ்டர் எண்களை ஒப்பிடுங்கள். பழையதற்கும் புதியதற்கும் இடையே மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பள்ளத்தில் விழுந்து லோயர் ஆர்ம் வளைந்திருந்தால் அதைச் சொல்லிவிடும் எண் இது.

வண்டியைத் தூக்கினால் ஸ்டியரிங் இறங்கும்

முன்பக்கம் முழு அச்சு கொண்ட வண்டிகளில், அதாவது ஜிம்னி போன்றவற்றில், ஸ்பிரிங்கை மாற்றி 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் என்ன ஆகும்? அச்சைப் பிடித்திருக்கும் நீளமான ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாய, அச்சு முழுவதும் முன்னால் சுழன்று கேஸ்டர் குறைந்துவிடும். அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குத் தண்டு, அச்சையே ஒரு பக்கமாக இழுத்துவிடும். ஸ்டியரிங் தண்டும் அந்தக் குறுக்குத் தண்டும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் இருந்தவரை எல்லாம் சரி. இரண்டின் கோணமும் பிசகினால் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பும், ஸ்டியரிங்கை நீங்கள் அசைக்காவிட்டாலும்.

வண்டியை உயர்த்துவது என்று முடிவு செய்தால் கேஸ்டரைத் திருத்தும் புஷ் அல்லது மாற்று ஆர்ம், நீளம் மாற்றக்கூடிய குறுக்குத் தண்டு இரண்டையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். ஸ்பிரிங் மட்டும் மாட்டித் தருகிற கடையில் வண்டியை விட வேண்டாம்.

சட்டம் அனுமதிக்கும் "ப்ளே" எவ்வளவு?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதன் 98-ஆம் விதி, ஸ்டியரிங்கின் வீணாட்டம், அதாவது ப்ளே, 30 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது. ஸ்டியரிங் இணைப்புகளின் பால் ஜாயிண்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. 30 டிகிரி என்பது கடிகாரத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் உள்ள இடைவெளி. இது தாண்டக்கூடாத எல்லைதான். நல்ல நிலை என்று நினைத்துவிட வேண்டாம். மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. அவ்வளவு வீணாட்டத்தோடு அந்த வேகத்தில் போவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. நன்றாக இருக்கும் வண்டியில் விரலளவு அசைவுக்கே சக்கரம் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு பேர், பத்து நிமிடம்

வீணாட்டம் எங்கே என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எஞ்சின் ஓடட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடதும் வலதும் சின்னச் சின்னதாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் டார்ச்சோடு முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்க்க வேண்டும். கை, தலை எதையும் வண்டிக்கு அடியில் நீட்ட வேண்டாம்.

ஸ்டியரிங்கிலிருந்து வரும் தண்டு அசைகிறதா, அது அசைந்ததும் டை ராடு அசைகிறதா, டை ராடு அசைந்ததும் சக்கரம் அசைகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். எந்த இடத்தில் ஒன்று அசைந்து அடுத்தது சும்மா இருக்கிறதோ, அங்கேதான் தேய்மானம். டை ராடு எண்டின் ரப்பர் பூட் கிழிந்து, கருத்த கிரீஸ் வெளியே வழிந்து, அதன்மேல் மண் ஒட்டிக் காய்ந்திருந்தால் அந்த மூட்டின் காலம் முடிந்தது. நட்டின் குறுக்கே இருக்க வேண்டிய ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் மாட்டிவிட்ட வண்டிகள் சாலையில் ஓடுகின்றன. நட்டு கழன்றால் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது.

லோயர் ஆர்ம் புஷ்ஷைத் தனியாகப் பார்க்க வேண்டும். ரப்பர் வெடித்திருந்தால் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னுக்கு நகரும், ஸ்டியரிங் ஒரு பக்கம் தாவும். பாலியூரித்தேன் புஷ் போட்டால் பதில் கூர்மையாகும் என்பது உண்மைதான். ஆனால் அதிர்வும் கிறீச் ஒலியும் கூடும். தினமும் குடும்பத்தோடு போகிற வண்டிக்கு கம்பெனி ரப்பர் புஷ்ஷையே புதிதாகப் போடுவதுதான் சரி.

ஸ்டியரிங் பாக்ஸா, ராக்கா?

இன்றைய பெரும்பாலான எஸ்யூவிகளில் இருப்பது ராக் அண்டு பினியன்: பல்சக்கரம் ஒன்று, பல் வெட்டிய தண்டு ஒன்று. இணைப்புகள் குறைவு, அதனால் வீணாட்டமும் குறைவு. மாருதி ஜிப்ஸியில் இருந்ததும் ஜிம்னியில் இருப்பதும் பழைய ஸ்டியரிங் பாக்ஸ் முறை. திருகுத் தண்டின் பள்ளங்களில் எஃகுக் குண்டுகள் வரிசையாக உருண்டு சுற்றிவரும். பாறையில் மோதினாலும் அடியைத் தாங்கும். முழு அச்சுக்கும் இதுவே பொருந்தும். விலையாக நடுவில் கொஞ்சம் மந்தம் இருக்கும். ஜிம்னி வாங்கியவர்கள் அதை வண்டியின் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த வண்டியின் இயல்பு அது.

மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் பல பத்தாண்டுகள் பாக்ஸோடுதான் வந்தது. 2018-ல் முன் அச்சைத் தனித்தனிச் சஸ்பென்ஷனாக மாற்றி, எலெக்ட்ரிக் ராக் போட்டார்கள். வெளியே பார்க்க அதே சதுர வண்டி. ஸ்டியரிங்கைப் பிடித்தால் வேறு வண்டி.

அந்த ஒரு ஸ்க்ரூ

பாக்ஸின் மேல் லாக் நட்டோடு ஒரு ஸ்க்ரூ இருக்கும். "ப்ளே இருக்கு" என்றதும் சிலர் அதைத்தான் இறுக்குவார்கள். பாக்ஸ் நேர்நிலையில் இயல்பாகவே இறுக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது. அளவுக்கு மேல் இறுக்கினால் வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, உள்ளே தேய்மானமும் கூடும். டை ராடு, குறுக்குத் தண்டு புஷ், ஸ்டியரிங் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயிண்ட் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே அந்த ஸ்க்ரூவுக்கு வர வேண்டும். அதுவும் கம்பெனி சொன்ன அளவில்.

ஸ்டியரிங் டேம்பர் மருந்தல்ல

முழு அச்சு வண்டிகளில் ஸ்டியரிங் தண்டோடு சின்ன ஷாக் அப்சார்பர் ஒன்று இருக்கும். சக்கரம் நடுங்கத் தொடங்கினால் இதை மாற்றச் சொல்வார்கள், சிலர் இரண்டாகவும் போடுவார்கள். நடுக்கம் மறையலாம். அதை உண்டாக்கிய தேய்ந்த மூட்டு அப்படியே இருக்கும். ஸ்டியரிங் திரும்பி வருவதும் தாமதமாகும்.

16-க்கு 1

ஸ்டியரிங்கை 16 டிகிரி திருப்பினால் சக்கரம் 1 டிகிரி திரும்புகிறது என்றால் விகிதம் 16. எஸ்யூவிகளில் இது பொதுவாக 14-க்கும் 20-க்கும் இடையே இருக்கும். எண் சிறியதாக இருந்தால் வண்டி சட்டென்று திரும்பும். ஆஸ்திரேலியப் பொறியாளர் ஆர்தர் பிஷப், ராக்கின் பற்களையே இடத்துக்கு இடம் மாற்றி வெட்டி, நடுவில் ஒரு விகிதமும் ஓரத்தில் இன்னொன்றும் கிடைக்கச் செய்தார். நேர்ச்சாலையில் நிதானம், பார்க்கிங்கில் குறைந்த சுற்று, இரண்டும் ஒரே ராக்கில்.

ஜிப்ஸியிலும் தாரிலும் சின்ன ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் மாட்டுவோர் உண்டு. கை நகரும் தூரம்தான் குறையும், விகிதம் அப்படியே இருக்கும். ஏர்பேக் உள்ள வண்டியில் அதைக் கழற்றி எறிவதாகவும் ஆகும். வேண்டவே வேண்டாம்.

"ஸ்போர்ட்" பட்டனை அழுத்தினால்

பெரும்பாலான எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கில் அந்தப் பட்டன் மாற்றுவது மோட்டார் தரும் உதவியின் அளவை மட்டுமே. கைக்குக் கனம் கூடும். சக்கரம் திரும்பும் கோணமோ டயர் பதில் சொல்லும் வேகமோ மாறாது. கனத்தைக் கூர்மை என்று எண்ணி ஏமாறுவது எளிது.

பவர் ஸ்டியரிங்கின் வயது

பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கைச் செய்து ஓட்டிக் காட்டினார். கடையில் விற்கும் காரில் அது வர 1951 ஆனது. கிரைஸ்லர் இம்பீரியல்தான் முதல் கார். எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் 1988-ல் ஜப்பானின் சுசூகி செர்வோ என்ற குட்டிக் காரில் வந்தது. கனமான எஸ்யூவிகளுக்கு அது ஏறி வர இன்னும் வெகுகாலம் பிடித்தது. டாடா ஹாரியருக்கு 2023 மாற்றத்தில்தான் கிடைத்தது. டொயோட்டாவின் லேண்ட் க்ரூசர் வரிசையில் முதன்முதலாக வந்தது அதே ஆண்டு அறிமுகமான 250-ல். கரட்டுப் பாதையில் சக்கரம் வாங்கும் அடி கைக்கு வராமல் தடுப்பதையும் அதன் நன்மையாக டொயோட்டா சொன்னது. வண்டி தானாகத் தடத்தில் நிற்க உதவும் வசதிகளுக்கும் எலெக்ட்ரிக் ஸ்டியரிங்தான் அடிப்படை. ஹாரியரில் அது வந்த பிறகே அந்த வசதியும் வந்தது.

ஹைட்ராலிக் வைத்திருப்பவர்கள் டப்பாவைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். கருத்து, தீய்ந்த வாடை வந்தால் மாற்ற வேண்டியதுதான். நுரை தெரிந்தால் எங்கோ காற்று புகுகிறது. எந்த எண்ணெய் என்பது மூடியிலோ கையேட்டிலோ இருக்கும், கைக்குக் கிடைத்ததை ஊற்றக்கூடாது.

1.07 நொடி, 1.83 மீட்டர்

ஸ்டியரிங்கின் சுறுசுறுப்பு வெறும் உணர்வு என்று எண்ண வேண்டாம், அதை அளக்கச் சட்டமே இருக்கிறது. வண்டி தறிகெடாமல் காக்கும் இஎஸ்சி கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியபோது ஒரு கேள்வி எழுந்தது: வண்டி சுழலாமல் இருக்க ஸ்டியரிங்குக்குப் பதிலே சொல்லாதபடி மந்தமாக்கிவிட்டால்? அதனால் விதியில் இன்னொரு நிபந்தனையும் சேர்த்தார்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் வண்டியின் ஸ்டியரிங்கை இயந்திரம் ஒன்று திருப்பும். மனிதக் கை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி திருப்பாது என்பதால். திருப்பத் தொடங்கி 1.07 நொடிக்குள் வண்டி பக்கவாட்டில் குறைந்தது 1.83 மீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட மொத்த எடைக்கு 1.52 மீட்டர் போதும். சுழலவும் கூடாது, சோம்பவும் கூடாது. எஸ்யூவியின் ஸ்டியரிங்கைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக நேர்மையான இரண்டு வரிகள் இவைதான்.

உயரமான வண்டியை ஏன் வேண்டுமென்றே நிதானமாக்குகிறார்கள்?

இரு சக்கரங்களுக்கு இடையிலான தட அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இருமடங்கால் வகுங்கள். வருகிற எண் பெரிதாக இருந்தால் வண்டி எளிதில் கவிழாது. கார்களுக்கு இது பொதுவாக 1.3-க்கு மேல், எஸ்யூவிகளுக்கு 1.0-க்கும் 1.3-க்கும் இடையே. தடம் 1,500 மில்லிமீட்டர், மையம் 680 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 1.10 வரும். மையம் 50 மில்லிமீட்டர் ஏறினால் 1.03 ஆகிவிடும். இப்படி எளிதில் கவிழக்கூடிய வண்டி சட்டென்று திரும்பிவிடாதிருக்கத்தான் ஸ்டியரிங்கை நிதானமாக்குகிறார்கள்.

1988-ல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், திடீர்த் திருப்பச் சோதனையில் சாய்கிறது என்று சொல்லி சுசூகி சாமுராயை ஏற்கத் தகாதது என்று மதிப்பிட்டது. நம் ஜிப்ஸியின் உறவு வண்டி அது. சுசூகி வழக்குப் போட்டது. 2004-ல் சமரசத்தில் முடிந்தது. 1997-ல் ஸ்வீடனில் இதழ் ஒன்று நடத்திய, சாலையில் குறுக்கே வரும் மானைத் தவிர்க்கும் சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. எஸ்யூவி அல்ல என்றாலும் உயரமான வண்டி. அதன்பின் சஸ்பென்ஷனை மாற்றி, இஎஸ்சி கருவியை எல்லா ஏ-கிளாஸிலும் சேர்த்தார்கள்.

2010-ல் வந்தது இன்னும் நுட்பமான பாடம். லெக்ஸஸ் ஜிஎக்ஸ் 460-ஐ வேகமாக வளைவில் விட்டு, நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெகுதூரம் வழுக்கிப் போன பிறகே காப்புக் கருவி விழிக்கிறது என்று அதே கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் வாங்காதீர்கள் என்றது. விற்பனையை நிறுத்தினார்கள், மென்பொருளை மாற்றினார்கள், சில வாரங்களில் எச்சரிக்கை விலகியது. இரும்பில் ஒன்றையும் மாற்றவில்லை.

சாய்வைப் பிடித்தால் திருப்பம் கூர்மையாகும்

ஸ்டியரிங்கை ஒடித்ததும் எஸ்யூவி முதலில் சாயும், பிறகு திரும்பும். சாய்வு குறைந்தால் அந்தத் தாமதமும் குறையும். ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் கடகட சத்தத்தோடு சாய்வும் கூடும். மாற்றச் செலவு குறைவு, பலன் உடனே தெரியும். எண்ணெய் கசிந்த ஷாக் அப்சார்பரைச் சோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

தடிமனான பார் போட்டால் சாய்வு இன்னும் குறையும், ஆனால் கரட்டுப் பாதையில் சக்கரம் தனித்தனியாக ஏறி இறங்காது. இந்தச் சிக்கலுக்கு 2004 லெக்ஸஸ் ஜிஎக்ஸ் 470-ல் டொயோட்டா ஒரு வழி கண்டது. முன் பாரையும் பின் பாரையும் எண்ணெய்க் குழாயால் இணைத்தார்கள். தார்ச்சாலையில் பார் இறுகும், பாறையில் தளரும். பென்ட்லி பெண்டைகாவில் 48 வோல்ட் மின்மோட்டாரே பாரை முறுக்கிச் சாய்வை எதிர்க்கிறது.

பின்சக்கரமும் திரும்பினால்

2022 ரேஞ்ச் ரோவரில் பின்சக்கரம் 7 டிகிரி வரை திரும்பும். மெதுவாகப் போகும்போது முன்சக்கரத்துக்கு எதிர்த்திசையில், வேகத்தில் அதே திசையில். அவ்வளவு நீளமான வண்டி 11 மீட்டருக்குள் வட்டமடிக்கிறது.

கொல்லிமலையில் கவனித்துப் பாருங்கள்

70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை மெதுவாக விட்டபடி ஸ்டியரிங்கை ஒடித்தால் எடை முன் டயரின்மேல் நிற்கும்; வண்டி சொன்னதும் திரும்பும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை ஓங்கி மிதித்தால் அதே டயருக்கு நிறுத்தும் வேலையும் திருப்பும் வேலையும் ஒருசேர வந்துவிடும். வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஏறும்போது எடை பின்னுக்குப் போவதால் முன்பக்கம் லேசாகும். ஆக்ஸிலரேட்டரை அவசரமாக அழுத்தினால் வண்டி வளைவின் வெளிப்பக்கமாக விரியும், எதிரே வருபவரின் தடத்துக்கு.

நேராக நிற்காத ஸ்டியரிங்

அலைன்மென்ட் முடிந்து வெளியே வந்ததும் நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறதா? பழைய வண்டியில் அது கண்ணுக்கு உறுத்தல், அவ்வளவுதான். புதிய எஸ்யூவியில் ஸ்டியரிங் கோணத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. கோணலை நேர் என்று அது கணக்கிட்டால் இஎஸ்சி தவறான கணத்தில் ஒரு சக்கரத்துக்கு பிரேக் கொடுக்கலாம். அலைன்மென்ட் செய்தவரிடம் சென்சாரின் பூஜ்யத்தைச் சரிசெய்தார்களா என்று கேளுங்கள். தடம் பார்க்கும் கேமரா உள்ள வண்டியென்றால் அதற்கும் அளவீடு தேவையா என்று கையேட்டில் பாருங்கள்.

கூரை கேரியர்

கூரையில் சாமான் ஏற்றும் எடைக்கு உச்ச வரம்பு கையேட்டில் இருக்கும். அந்த வரம்பில் கேரியரின் எடையும் பெரும்பாலும் அடங்கும். கேரியர், அதன்மேல் கூடாரம், அதன்மேல் ஸ்டெப்னி என்று ஏற்றிவிட்டு ஸ்டியரிங் மந்தம் என்று ஒர்க் ஷாப்புக்கு வருபவர்கள் உண்டு. கனமானதை இறக்கிப் பின்சீட்டுக்கு அடியில், அச்சுக்கு அருகில் வைத்துக் கட்டிவிட்டு, அதே சாலையில் அதே வேகத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டும். மெக்கானிக்கிடம் போவதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு.